யாபேஸ்காரர்கள் சுமந்தது

மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டியிருந்த ரொட்டியை மில்காள் உரித்துக்கொண்டிருந்தபோது காவல் கோபுரத்தில் கொம்பு ஊதினார்கள். கை அடுப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. முழங்கை சுட்ட பிறகுதான் வெளியே இழுத்தாள். அதற்குள் ரொட்டியின் ஓரம் கருகிப்போயிருந்தது.

நீளமாக ஒரே ஊதல். பிறகு ஒன்றுமில்லை. பண்டிகைக்கு ஊதுவது போல அது ஏறி இறங்கவில்லை.

பக்கத்து முற்றத்தில் நாராளின் திரிகைச் சத்தமும் நின்றது. சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. முகமெல்லாம் மாவு.

"கேட்டியா மில்கா?"

"கேட்டேன்."

"போன மாசமும் இப்படித்தான் ஊதினாங்க. அது உன் தம்பிக்கு. இது யாருக்கோ தெரியலே."

நாராள் மனதில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் அல்ல. நினைத்தது வாயில் வந்துவிடும். மில்காள் ரொட்டியைத் துணியில் சுற்றினாள்.

போன அமாவாசைக்கு அடுத்த நாள், சமாரியாவின் நடுச்சதுக்கத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தம்பி சல்லூம் சகரியா ராஜாவை வெட்டினான். அதுவரை அவன் அரண்மனைக் காவலில் ஒரு தலைவன், அவ்வளவுதான். ஜனங்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றிப் படிக்கட்டில் விரித்தார்கள். அவன் அவற்றின் மேல் ஏறிப் போய் ராஜா ஆனான். மில்காள் அப்போது பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தொட்டித் தண்ணீரில் வெகுநேரம் தேய்த்துவிட்டு, "அக்கா, பசிக்குது" என்றான். அன்று அவன் அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து அவன் அவள் சுட்ட ரொட்டியைத் தவிர எதையும் தொடுவதில்லை. அரண்மனைச் சமையல்காரர்கள் பழைய ராஜாவின் சமையல்காரர்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ரொட்டியை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு மேல் நகரத்துக்குப் போய் வருவது அவள் வேலையாயிற்று. கணவன் இறந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன் ஏலேஸ். அவனை வளர்த்து ஆளாக்கியவனும் சல்லூம்தான். தம்பிக்கு ரொட்டி சுடுவதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அரண்மனை வாசலில் காவலாளிகள் குறைந்துகொண்டு வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"ராஜாவோட சாப்பாடு வந்தாச்சு" என்றான் ஒருவன். "அக்கா, எங்களுக்கும் ஒரு துண்டு போடுங்க. செத்தாலும் வயிறு நிறைஞ்சு சாகலாம்."

மற்றவன் சிரிக்கவில்லை. அவன் செருப்பு வாரைக் கணுக்காலுக்கு மேல் வரை இறுக்கிக் கட்டியிருந்ததை மில்காள் கவனித்தாள். வாசலில் நிற்கிறவன் கட்டுகிற கட்டு அல்ல அது. தூரம் போகிறவன் கட்டுவது.

சல்லூம் தந்தம் பதித்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டிலில் அவன் ஒரு நாளும் படுக்கவில்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது. ராஜா ஆன மறுவாரமே கடைவாய்ப் பல் ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் வலிக்குதாடா?"

"மெனாகேமை விட இதுதான் என்னைக் கொல்லுது." சிரிக்க முயன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "திர்சாவுலேர்ந்து படையோட கிளம்பிட்டானாம். மத்தியானத்துக்குள்ளே வந்துடுவான்."

"கோட்டைக் கதவை மூடச் சொல்லேன்."

"மூடித்தான் இருக்கு. மூடினவன் யாரு, எவன் ஆளு, அதுதான் தெரியலே."

சாளரத்தின் வழியாக அவள் சதுக்கத்தைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் மழை இன்னும் வராததால் எல்லாம் புழுதி நிறத்தில் கிடந்தது. சதுக்கத்தில் மனிதர்கள் இல்லை. நாய்கள் மட்டும் நிழலை விட்டு எழுந்து எங்கோ ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன.

"நம்ம யாபேஸ்லேர்ந்து ஆள் கூட்டிக்கிட்டு ஏலேஸ் இந்நேரம் திரும்பியிருப்பான்ல?" என்றான் சல்லூம்.

"இன்னிக்குள்ளே வந்துடணும். திர்சா வழியா வேண்டாம், பெத்சான் வழியா சுத்தி வான்னுதான் சொல்லி அனுப்பினேன். ஊத்துக்குக் கீழே அந்தத் திராட்சை மிதிக்கிற பாறை இருக்கில்லே, அங்கே வந்து காத்திருப்பாங்க."

"மாகீர் சித்தப்பா வருவாரு. அவரு சொன்னா யாபேஸ்ல ஒரு வீடு பாக்கியில்லாம ஈட்டியைத் தூக்கிட்டு வரும்." அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னான்.

மில்காளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம ஊர்க்காரங்க உசிரோட இருக்கிற ராஜாவுக்கு எப்போடா வந்திருக்காங்க? செத்த ராஜாவைத் தூக்கத்தான் அவங்க லாயக்கு."

அவன் சிரித்துவிட்டான். பல் வலியில் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

யோர்தானுக்கு அந்தப்பக்கம், யாபேசில் பிறந்த குழந்தைக்குப் பாலோடு சேர்த்து ஊட்டப்படுவது அந்தக் கதை. சவுல் ராஜா போரில் விழுந்தபோது பெலிஸ்தர்கள் அவர் உடலைப் பெத்சான் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். இஸ்ரவேல் முழுவதும் ஓடி ஒளிந்தது. யாபேஸ்காரர்கள் மட்டும் இரவெல்லாம் நடந்து போய், காவல் இருக்கும்போதே அந்த உடலை இறக்கிக் கொண்டுவந்து தங்கள் ஊர் சிறுசவுக்கு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். இத்தனை தலைமுறை ஆகியும் யாபேசில் சண்டை என்றால், "உன் பாட்டன் சுவருக்கு வந்தானா?" என்றுதான் கேட்பார்கள். வந்தவன் வழியில் பிறந்தவனுக்கு ஒரு மரியாதை, வராதவன் வழிக்கு ஒரு மரியாதை. அதோடு இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. செத்தவன் மண்ணுக்குள் போகும் வரை யாபேஸ் ரத்தம் வாயில் எதையும் போடாது. அடக்கம் முடிந்த பிறகு, ஊர்ப் பெரியவர் கையால் துக்க ரொட்டி கொடுப்பார். நெருங்கிய உறவு அதை வாங்கித் தின்ன வேண்டும். தின்றாயிற்று என்றால் அடக்கம் ஆயிற்று என்று பொருள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. புதைக்காமல் தின்றவர் என்று யாபேசில் ஒருவரும் இருந்ததில்லை.

"அபேல்மெகோலாவுல பொண்ணு பார்த்தியே, என்ன சொன்னாங்க?" என்று பேச்சை மாற்றினான் சல்லூம்.

"ராஜாவுக்குக் கொடுக்க மாட்டாங்களாம். வேற வேலை பார்க்கிற மாப்பிள்ளையா இருந்தா சொல்லுங்கறாங்க."

"விவரமானவங்க."

அவன் ரொட்டியை எடுத்து வலது பக்கமாகவே கடித்தான். அதனால் கடித்த ஓரம் கோணலாகப் போயிற்று. பாதி தின்றதும் நிறுத்தி, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு சாளரத்தைப் பார்த்தான்.

"அக்கா, சகரியாவைப் புதைக்கவிடுடான்னு நீ அன்னிக்குச் சொன்னே."

அவள் ரொட்டி சுற்றி வந்த துணியை மடித்தாள்.

"நான் விடலே. ஜனங்க பார்க்கட்டும்னு போட்டுவெச்சேன். ராத்திரி மேலேயிருந்து பார்த்தேன். நாய்..." அவன் முடிக்கவில்லை. "என்னை அப்படி விட்டுடாதே. எங்கே கிடந்தாலும் சரி, நம்ம மரத்தடிக்குக் கொண்டுபோயிடு. விடமாட்டேன்னு சொல்லு."

"நான் யாபேஸ்காரி. விடுவேனா?"

"சொல்லு."

"விடமாட்டேன்டா."

அவன் தலையசைத்தான். மீதி ரொட்டியை அவள் கையில் கொடுத்தான். "வெச்சிரு. சாயங்காலம் சாப்பிட்டுக்கறேன்."

அவள் அதைத் துணியில் சுற்றி மார்பில் செருகிக்கொண்டாள். வெளியே வந்தபோது வாசலில் ஒரு காவலாளிதான் இருந்தான். ரொட்டி கேட்டவன். அவன் இப்போது எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் கோட்டைக் கதவு திறந்த சத்தம் மில்காளின் வீடு வரை கேட்டது. இடித்துத் திறந்த சத்தம் அல்ல. தாழ்ப்பாளை உருவி, நிதானமாக, உள்ளேயிருந்து திறந்த சத்தம். பிறகு குதிரைகள். பிறகு மேல் நகரத்தில் ஒரு கூச்சல் எழுந்து, உடனே அடங்கிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அடங்கியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னது. அவள் முற்றத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது முறை கொம்பு ஊதினார்கள். இந்த முறை ஏறி இறங்கி, பண்டிகைபோல.

"மெனாகேம் ராஜா! மெனாகேம் ராஜா!"

தெருவில் ஆட்கள் ஓடினார்கள். நாராளின் புருஷனும் மேலாடையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினான், படிக்கட்டில் விரிப்பதற்கு. அதே மேலாடைதான். போன மாதம் சல்லூம் மிதித்து ஏறிய அழுக்கு அதில் இன்னும் போகவில்லை.

துக்கத்துக்குத் துணி கிழிக்கிற வழக்கப்படி மில்காளின் கை கழுத்துப் பட்டைக்குப் போனது. கிழிப்பதற்குள் ஒரு மாவுக் கை வந்து அதை இறுக்கிப் பிடித்தது. நாராள் எப்போது சுவர் தாண்டி வந்தாள் என்று தெரியவில்லை.

"கிழிக்காதே."

"என்னை விடு."

"கிழிக்காதேடி. அழாதே. வீடு வீடா வர்றாங்க. எவ துணி கிழிஞ்சிருக்குன்னுதான் பார்க்கறாங்க. கிழிஞ்சிருந்தா உறவு. உறவுன்னா வீட்டுல ஆம்பளை எங்கேன்னு அடுத்த கேள்வி. உன் பிள்ளை எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

மில்காளின் விரல்கள் துணியிலேயே இருந்தன. அவற்றை நாராள் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு அவளை இழுத்துக்கொண்டுபோய்த் தன் முற்றத்துத் திரிகைக்கு முன்னால் உட்காரவைத்து, தலையில் ஒரு கை மாவை அள்ளிப் போட்டாள். "அரை."

அவள் அரைத்தாள். துக்கத்தில் தலையில் புழுதி போடுவார்கள். அவள் தலையில் மாவு இருந்தது.

வந்த தளபதி திர்சாக்காரன். வெயிலில் வந்த களைப்பும் ஜெயித்த சந்தோஷமும் சேர்ந்து அவனுக்குப் பேச்சு பெருகிக்கொண்டு வந்தது. நாராள் கொடுத்த மோரை நின்றபடியே குடித்தான்.

"என்னம்மா, உங்க ஒரு மாச ராஜாவைப் பார்த்தீங்களா? கோட்டை வாசலுக்கு மேலே தொங்கறான். வாங்க, வந்து கும்பிட்டுக்கோங்க."

"எங்க ராஜா என்ன, உங்க ராஜா என்ன. எல்லாம் ஒண்ணுதான்" என்றாள் நாராள். "பொழுது சாயறதுக்குள்ளே இறக்கிடுவீங்கல்ல? ராத்திரி தொங்கினா மண்ணுக்குத் தீட்டுன்னு பெரியவங்க சொல்லுவாங்க."

தளபதி சிரித்தான். "இறக்கறதுக்குத்தான் ஆள் வருதே! அவன் எந்த ஊரு? யாபேஸ். யாபேஸ்காரன் ராஜா பொணத்தைச் சுவர்ல விட்டுவெப்பானா? பரம்பரைப் பெருமையாச்சே. இன்னிக்கோ நாளைக்கோ வந்தே தீருவாங்க. கோபுரம் ரெண்டுலயும் வில்லுக்காரங்களை உட்கார வெச்சிருக்கோம். அவன் அக்கா பையன் ஒருத்தன் ஊருக்குப் போயிருக்கானாம், அவனும் கூட வருவான். ஒரேயடியா வேரோட முடிச்சிடலாம்." மோர்க் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தான். "அந்த அக்காக்காரி வீடு இந்தத் தெருவுலதானாமே?"

"பக்கத்து வீடுதான். காலையிலேயே ஓடிட்டா."

"இது யாரு?"

திரிகை நிற்கவில்லை.

"கூலிக்கு மாவரைக்க வர்றவ. வாய் பேச வராது."

"பேச வராதா? நல்ல பொம்பளை." அவன் மில்காளின் கழுத்துத் துணியைப் பார்த்தான்; கிழியவில்லை. "ஏய், எழுந்திரு. உங்க ஊர்த் தொட்டியெல்லாம் வறண்டு கிடக்கு. குதிரைங்க தவிச்சுப்போயிருக்கு. குடத்தை எடுத்துக்கிட்டு ஊத்துக்குப் போ. பொம்பளைங்களை வாசல்ல விடுவாங்க."

அப்படித்தான் அவள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு ஒருத்தியாக, கோட்டை வாசலுக்குப் போனாள்.

வாசலுக்கு வெளியே சுவரின் நிழல் நீண்டு கிடந்தது. மேலே பார்க்கக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டே வந்தாள். குடம் இருந்ததால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அதற்காகக் குடத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டாள். முன்னால் போன பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயோ, சின்ன வயசு" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

புழுதியில் ஒரு செருப்பு கிடந்தது. வார் அறுந்து, மில்காள் போன வாரம் ஊசியால் தைத்துக் கொடுத்த செருப்பு. முடிச்சு அவள் போட்டது. ஒரு மஞ்சள் நாய் அதை முகர்ந்துகொண்டிருந்தது. அவள் தாண்டிப் போகும்போது அது செருப்பை வாயில் கவ்விக்கொண்டு, மேலே ஒரு முறை பார்த்துவிட்டு, நிழலில் போய்ப் படுத்தது. வாய் பேச வராதவள் நாயை விரட்ட முடியாது.

ஊற்றில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவள் ஒலிவ மரங்களுக்குள் ஒதுங்குகிறவள் போல ஒதுங்கி, குடத்தை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, சரிவில் இறங்கினாள். இறங்கும்போது என்ன சொல்வது என்று யோசித்தாள். 'வராதீங்க, பொறி வெச்சிருக்காங்க' என்று சொல்லலாம். மாகீர் சித்தப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பெலிஸ்தர்களும் சுவரில் காவல் வைத்திருந்தார்கள் என்பார். காவல் இல்லாத சுவர் என்றால் யாருக்கு வேண்டும் என்பார். வில் இருக்கிறது என்று சொன்னால் இன்னும் வேகமாக நடப்பார்கள். செத்தவனுக்கு மகன் இல்லாவிட்டால் தலைமாட்டுப் பக்கம் அக்கா மகன் தோள். முதலில் சுவருக்குப் போகிறவன் அவன். ஏலேஸ்.

விடமாட்டேன் என்று சொன்னது காலையில்தான். அந்தப் பேச்சு இன்னும் சூடாக அவள் வாயில் இருந்தது.

திராட்சை மிதிக்கிற பாறைத்தொட்டியில் காய்ந்த இலைகள் குவிந்திருந்தன. "அம்மா" என்று ஏலேஸ் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். நடந்து நடந்து முகம் சுண்டிப்போயிருந்தது. அவனுக்குப் பின்னால் யாபேஸ்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் மாகீர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"முடிஞ்சுதா?" என்றார். "ரெண்டாவது தடவை கொம்பு ஊதினப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவள் தலையசைத்தாள். ஏலேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் பாறையில் சாய்த்து வைத்திருந்ததை அவள் பார்த்தாள். ஈட்டிகள் இல்லை. இரண்டு நீளக் கம்புகள். நடுவே இழுத்துக் கட்டிய பட்டைத் துணி. பாடை. பக்கத்தில் மடித்த சணல் துணி, எண்ணெய்ச் சிமிழ், மூடி வைத்த ஒரு கூடை.

"நான் ஈட்டிதாம்மா கேட்டேன்" என்றான் ஏலேஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினேன். மாமா உசிரோட இருக்காருன்னு சொன்னேன்."

மாகீருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "மாசத்துக்கு ஒருத்தன் ராஜா ஆகறான். எவனுக்குன்னு சண்டைக்குப் போறது? ஆனா செத்துட்டான்னா அவன் நம்ம பிள்ளை. எவன் குறுக்கே நின்னாலும் தூக்கிட்டுத்தான் போவோம்." குரலைத் தாழ்த்தினார். "எங்கே வெச்சிருக்காங்க? சுவர்லயா?"

சுவர் என்ற சொல்லுக்கு அந்த ஆட்கள் எல்லோரும் ஒரு அங்குலம் நிமிர்ந்தார்கள். ஒருவன் அதற்குள் இடைக்கச்சையை இறுக்கிக்கொண்டான். மரத்தடியில் கதை கேட்கிற பிள்ளைகளின் முகம் அவர்களுக்கு. பிறந்ததிலிருந்து ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு சுவருக்காகக் காத்திருந்திருக்கிறான்.

"இல்லே" என்றாள் மில்காள். "புதைச்சாச்சு."

மாகீர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"யாரு?"

"நான்தான். பக்கத்து வீட்டுக்காரி கை கொடுத்தா."

"எங்கே?"

"வெளியிலே. ஒலிவத் தோப்புல."

"கொன்னவன் உடம்பை உன் கையில கொடுத்துட்டானாக்கும்?"

"பொம்பளைதானேன்னு விட்டுட்டாங்க."

"துணி கிழியலையே."

"கிழிச்சிருந்தா வாசலைத் தாண்டியிருக்க முடியாது சித்தப்பா."

"அப்போ நாம வந்தது வீணா?" என்றான் பின்னால் ஒருவன்.

"நாங்க வர்றதுக்குள்ளே உனக்கு என்ன அவசரம்?" என்றார் மாகீர் கோபமாக. "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் இவ. அடுப்புல போட்டது வேகறதுக்குள்ளே எடுத்துடுவா." யாரும் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கூடையைத் திறந்தார். யாபேசில் யாரோ ஒருத்தி, சல்லூம் உயிரோடு இருக்கும்போதே பிசைந்து சுட்ட துக்க ரொட்டி. அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"புதைச்சாச்சுன்னா, சாப்பிடு."

அவள் வாங்கினாள். ஏலேஸ் அவளைப் பார்த்தான். கோட்டை மேட்டுக்கு முதுகைக் காட்டி அவள் நின்றிருந்தாள். அவர்கள் எல்லோரும் மேட்டைப் பார்த்து நின்றிருந்தார்கள். அவள் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள்.

வாய் காய்ந்து போயிருந்தது. மென்றாள். அடுத்த துண்டு. மாகீரின் கண்கள் அவள் தோளுக்கு மேலே எழுந்தன, வானத்தில் எதன் மேலோ நின்றன, மெதுவாகச் சுற்றின. பக்கத்தில் இருந்தவனின் கண்களும் எழுந்தன. பிறகு அடுத்தவன். சுவருக்கு மேலே எத்தனை பறவைகள், எவ்வளவு தாழ்வாக என்பதெல்லாம் அவளுக்கு அந்த முகங்களிலேயே தெரிந்தது. அவள் திரும்பவில்லை. மென்றுகொண்டிருந்தாள். ஏலேஸ் தண்ணீர்த் தோற்பையை நீட்டினான். அவள் கன்னத்தில் தண்ணீர் சிந்தியது. குடித்துவிட்டு மறுபடி தின்றாள். கடைசித் துண்டு வரை, உள்ளங்கையில் ஒட்டியிருந்த பொருக்கு வரை தின்றாள்.

மாகீர் கண்ணை இறக்கினார். ஏலேஸை ஒரு முறை பார்த்தார். இன்னும் மீசை சரியாக அடராத முகம்.

"சாப்பிட்டுட்டா" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "புதைச்சாச்சு. இனிமே யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

இடைக்கச்சையை இறுக்கியவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மாகீர் அவனைப் பார்த்தார். அவன் மூடிக்கொண்டான்.

பிறகு கிழவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, அவள் கழுத்துப் பட்டையில் ஒரு விரல் அளவு கீறிவிட்டார். "இப்போ கிழிம்மா."

அவள் கிழித்தாள். அவள் கையால் நெய்த துணி. கிழிய நேரம் ஆயிற்று.

"கம்பைக் கழட்டுங்க" என்றார் மாகீர். "இருட்டறதுக்குள்ளே சரிவைத் தாண்டிடணும்."

"கழட்ட வேண்டாம்" என்றாள் மில்காள்.

கிழிந்த துணிக்குள் கையை விட்டு, காலையில் செருகிய பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். ஓரம் கருகி, ஒரு பக்கம் கோணலாகக் கடிபட்ட பாதி ரொட்டி. அதைப் பாடைத் துணியின் நடுவில் வைத்தாள். ஏலேஸ் அந்தக் கடியைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியும்.

மாகீர் ஒன்றும் கேட்கவில்லை. சணல் துணியை எடுத்து உதறி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, ஒரு ஆள் நீளத்துக்கு விரித்து மூடினார். ஓரங்களைச் செருகினார். எண்ணெய்ச் சிமிழைத் திறந்து துணியின் மேல் ஊற்றினார்.

நான்கு பேர் குனிந்தார்கள். தலைமாட்டில் ஏலேஸ். ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பெத்சான் பாதையில், அடி பார்த்து நடந்தார்கள். மில்காள் பின்னால் நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதை ஏறத் தொடங்கிய இடத்தில் மாகீர் நின்று, "தோள் மாத்திக்குங்கப்பா" என்றார்.

மூன்று பேர் மாற்றிக்கொண்டார்கள். ஏலேஸ் மாற்றிக்கொள்ளவில்லை.